கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு: பெயர்ப் பட்டியலிலிருந்து அச்சு முறுக்கு வரை

டிசம்பர் பிறந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழுதுவது மளிகைப் பட்டியல். அதை இரண்டாவதாக எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது, யார் யாருக்குத் தட்டு போகிறது என்ற பெயர்ப் பட்டியல். எத்தனை வீடு, அதில் எத்தனை வீட்டில் முட்டை சாப்பிட மாட்டார்கள், எங்கே சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் இந்த வருஷம் துக்கம் என்பதெல்லாம் தெரியாமல் மாவைக் கரைத்தால், கடைசி நாளில் மூன்று டின் நிறைய அச்சு முறுக்கு இருக்கும். கொடுக்க வேண்டிய பாதி வீடுகளுக்கு அது ஆகாது.

தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கமாகச் செய்கிற மூன்று பலகாரங்களை இங்கே சொல்கிறோம்: கல்கல், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. மூன்றும் பத்து நாளாவது தாங்கும், வீட்டு அடுப்பிலேயே செய்யலாம். கேக்கை பேக்கரியில் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

பெயர்கள்

அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று கை தானாக எழுதிவிடும். விட்டுப்போகிற பெயர்களைத்தான் யோசிக்க வேண்டும். பால் போடுகிறவர், தெரு கூட்டுகிறவர், இஸ்திரிக்காரர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற ஆட்டோக்காரர், வாட்ச்மேன். சபையில் ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை: கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாரையும்விட அதிகம் ஓடுகிறவர், யார் பட்டியலிலும் இருக்க மாட்டார். தனியாக இருக்கும் விதவைகள், ஊருக்குப் போக முடியாமல் விடுதியில் தங்கிவிட்ட மாணவர்கள். பண்டிகை நாளில் ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொல்கிறது நெகேமியா 8:10. திருப்பிச் செய்ய வழியில்லாதவர்களை விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் இயேசு (லூக்கா 14:12-14). பட்டியலில் கால்வாசிப் பெயராவது இந்த வகையில் இல்லையென்றால் அது வெறும் மொய்க் கணக்கு.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்பு எழுதுங்கள்.

முட்டை ஆகாதவர்கள்: சைவ வீடுகள் மட்டுமல்ல. கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் பலர் டிசம்பர் கடைசி வரை விரதத்தில் இருப்பார்கள். மற்ற நாளில் பிரியாணி சாப்பிடும் வீடுதானே என்று முட்டை முறுக்கைக் கொண்டுபோய்விடக் கூடாது. தூத்துக்குடி மக்ரூன் வாங்கிக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: அதில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு.

ஏகாதசி: வைகுண்ட ஏகாதசி சில வருடங்களில் டிசம்பர் கடைசியில் வரும். அன்று தானியம் தொடாத வீடுகளுக்கு மறுநாள் கொடுங்கள். நாள்காட்டியில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

முஸ்லிம் வீடுகள்: ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக் வேண்டாம். இந்த மூன்று பலகாரங்களிலும் சிக்கல் இல்லை.

சர்க்கரை நோய்: அந்த வீட்டை விட்டுவிடாதீர்கள். உப்பு முறுக்கோ கொய்யாப்பழமோ வைத்துத் தனித் தட்டாகக் கொடுங்கள்.

துக்க வீடு: அவர்கள் இந்த வருஷம் பலகாரம் சுட மாட்டார்கள். சில வீடுகளில் வாங்கிக்கொள்வார்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். அவர்களுக்கு நெருங்கிய ஒருவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இராத்திரி குடும்ப ஜெபத்தில் தினம் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி ஜெபித்தால் இருபது வீடானாலும் கிறிஸ்துமஸுக்குள் முடியும். பெயரைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். அந்த வீட்டுப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன், இந்த வீட்டு அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று அவர்களுக்கே ஞாபகம் வரும்.

அளவு

இருபது வீடு என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு நாலு அச்சு முறுக்கு, இரண்டு கொத்து, ஒரு கை நிறையக் கல்கல். இதற்கு மேல் வேண்டாம். பண்டிகை வாரத்தில் எல்லார் வீட்டிலும் பலகாரம் குவிந்திருக்கும். வீட்டுக்கும் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கும் சேர்த்து: கல்கலுக்கு மைதா ஒன்றரை கிலோ, முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு ஒன்றேகால் கிலோ, அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு 1 கிலோ. எண்ணெய் மூன்று லிட்டர் வாங்கிவையுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய் எண்ணெயில் சுடுவார்கள்; கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஒத்துவரும்.

எண்ணெயில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முட்டை சேர்ந்த மாவைச் சுட்ட எண்ணெயில் பிறகு எதைச் சுட்டாலும் அது சைவ வீட்டுக்கு ஆகாது. அதனால் 18-ஆம் தேதி வாக்கில் புது எண்ணெயில் கல்கல், 20-ஆம் தேதி அதே எண்ணெயை வடிகட்டி முந்திரிக்கொத்து. அதோடு அந்த எண்ணெய் முடிந்தது. 22-ஆம் தேதி மறுபடி புது எண்ணெய் ஊற்றி, முதலில் முட்டையில்லாத அச்சு முறுக்கு, கடைசியில் முட்டை சேர்த்தது. டின்களில் "முட்டை இல்லை" என்று அன்றே எழுதி ஒட்டுங்கள். ஆறிய பிறகு இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

கல்கல்

மைதா 1 கிலோவுக்குப் பொடித்த சர்க்கரை 250 கிராம், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், கெட்டித் தேங்காய்ப்பால் சுமார் 350 மில்லி. மாவில் வெண்ணெயை ஊற்றி விரலால் பிசிறினால், கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் சர்க்கரையும் உப்பும் கலந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பூரி மாவு போலக் கெட்டியாகப் பிசையுங்கள். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள்.

கோலிக்குண்டு அளவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்துப் பெருவிரலால் தேய்த்து அமுக்கி, அப்படியே சுருட்டி எடுத்தால் சிப்பி மாதிரி வரி விழும். வாங்கிப் பயன்படுத்தாத புதுச் சீப்பும் ஆகும். சுருளின் ஓரத்தை அழுத்தி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் விரிந்து தட்டையாகிவிடும். இது பிள்ளைகள் செய்கிற வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து, ஆளுக்கொரு முள்கரண்டி கொடுத்துவிடுங்கள். நாலைந்து பேர் உட்கார்ந்தால் 1 கிலோ மாவு ஒரு மணி நேரத்தில் முடியும். கோணலாக வந்தால் வரட்டும், ருசியில் தெரியாது.

மிதமான தீயில், எண்ணெய் நுரை அடங்கும் வரை விட்டு, பொன்னிறத்தில் எடுங்கள். தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும்; மறுநாள் சவசவ என்று ஆகிவிடும், நாலு நாளில் தேங்காய்ப்பால் காறிவிடும். எண்ணெயில் போட்டதும் உதிர்ந்தால் வெண்ணெய் கூடிவிட்டது, ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். கல் மாதிரி வந்தால் வெண்ணெய் போதவில்லை. நன்றாக வெந்த கல்கல் காற்றுப் புகாத டின்னில் மூன்று வாரம் இருக்கும்.

முந்திரிக்கொத்து

500 கிராம் சிறுபயறுக்கு வெல்லம் 400 கிராம், ஒரு தேங்காயின் துருவல், எள் 50 கிராம், ஏலக்காய் எட்டு, சுக்கு சிறு துண்டு. இதில் அறுபது உருண்டை, அதாவது இருபது கொத்து வரும். மேல்மாவுக்கு: பச்சரிசி மாவு 200 கிராம், மைதா இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு.

பயறை மிதமான தீயில் வாசம் வந்து நிறம் மாறும் வரை வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துத் தோலைப் புடைத்து எடுத்துவிட்டு, ரவை பதத்தில் பொடியுங்கள். நைசாகப் போனால் உருண்டை வாயில் ஒட்டும். தேங்காய்த் துருவலை ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுக்க வேண்டும். இந்தப் பலகாரம் சீக்கிரம் கெட்டுப்போனால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் தேங்காயில் மிஞ்சிய ஈரம்தான். எள்ளையும் வறுத்து, ஏலமும் சுக்கும் பொடித்து எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள்.

வெல்லத்தை 125 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடுங்கள். விரலில் தொட்டு இழுத்தால் ஒரு கம்பி நீள வேண்டும். பாகு இளகி இருந்தால் உருண்டை எண்ணெயில் பிரியும். முற்றினால் இரண்டு நாளில் பல்லை உடைக்கும். பாகை ஒரேயடியாகக் கொட்டாமல் மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடியுங்கள். ஆறினால் பிடிக்க வராது, ஆகவே இரண்டு பேராக உட்காருங்கள். பிடித்ததைத் தட்டில் பரப்பி இராத்திரி முழுக்க விட்டால் மேல்பக்கம் காய்ந்து இறுகும்.

மறுநாள் மேல்மாவைப் பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து, மூன்று உருண்டைகளை ஒன்றாக முக்கி, ஒரே கையில் சேர்த்து எண்ணெயில் விடுங்கள். சேர்ந்து விழுந்தால்தான் கொத்தாக ஒட்டும். மாவு படாத இடம் இருந்தால் வெல்லம் கசிந்து எண்ணெய் கறுத்துப் படபடவென்று தெறிக்கும். பிள்ளைகளை இந்த நேரத்தில் அடுப்பருகே விட வேண்டாம். மேல்தோல் மொறுமொறுப்பானதும் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கெனவே வெந்தது.

அச்சு முறுக்கு

பலரும் கைவிடுகிற பலகாரம் இதுதான், காரணம் அச்சு. புது அச்சை அரிசி கழுவிய தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவித் துடைத்து, பிறகு எண்ணெயில் இரண்டு நாள் மூழ்க வையுங்கள். போன வருஷ அச்சாக இருந்தாலும் முந்தின இராத்திரி எண்ணெயில் போட வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் பழக்கியதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் நன்றாகப் பழகிய அச்சு தெருவில் வீடு வீடாக இரவல் போகிறது. இரவல் வாங்கியதைத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுங்கள்.

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு மில்லில் அரைத்துச் சலிக்க வேண்டும். கடை மாவு என்றால் வறுக்காத பச்சரிசி மாவாகப் பார்த்து வாங்குங்கள்; இடியாப்ப மாவு வறுத்தது, முறுக்கு உடையும்.

முட்டை சேர்த்தது: அரிசி மாவு 500 கிராம், மைதா 50 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை மூன்று, கெட்டித் தேங்காய்ப்பால் 500 மில்லி (இரண்டு தேங்காய்), கறுப்பு எள் இரண்டு டீஸ்பூன், ஏலப்பொடி, உப்பு. முட்டையும் சர்க்கரையும் கரையும் வரை அடித்து, பால் சேர்த்து, மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். முட்டையில்லாததற்கு மைதாவை 100 கிராமாகக் கூட்டுங்கள், பால் இன்னும் 50 மில்லி பிடிக்கும். மாவை அச்சில் பிடித்துவைப்பது முட்டை; அது இல்லாதபோது மைதா அந்த வேலையைச் செய்கிறது. மொறுமொறுப்பு ஒரு மாற்றுக் குறைவுதான். சைவ வீடுகள் அதிகமாக இருந்தால் முழுவதையும் முட்டையில்லாமலே செய்துவிடலாம், குழப்பமே இல்லை. மில் மாவில் ஈரம் இருப்பதால் பாலை முதலில் 400 மில்லி மட்டும் ஊற்றிப் பாருங்கள். தோசை மாவைவிடச் சற்று நீர்த்து, கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படிந்து நிற்பது பதம். அரை மணி நேரம் ஊறட்டும்.

எண்ணெய் காயும்போதே அச்சையும் அதில் போட்டு வையுங்கள். சூடான அச்சை எடுத்து, எண்ணெய் சொட்டை உதறி, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்குங்கள். "சொய்" என்று சத்தம் வர வேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் மாவு அச்சின் தலைக்கு மேல் பூட்டுப் போட்டுக்கொள்ளும், முறுக்கு கழன்று விழ வழியே இல்லை. சத்தம் வரவில்லை, மாவும் ஒட்டவில்லை என்றால் அச்சில் சூடு போதாது. ஒட்டியது எடுக்கும்போதே வழுக்கி மாவுக்குள் விழுந்தால் சூடு கூடிப்போயிற்று. இரண்டு நொடி வெளியே பிடித்துவிட்டு முக்குங்கள்.

அப்படியே எண்ணெயில் இறக்கி, சட்டியின் அடி தொடாமல் பிடித்திருந்தால் இருபது, முப்பது நொடியில் ஓரம் இறுகும். லேசாக உதறினால் கழன்றுவிடும். வராவிட்டால் கம்பியால் ஓர் ஓரத்தைத் தள்ளுங்கள். திருப்பிப் போட்டு, நுரை அடங்கியதும் எடுங்கள். எடுக்கும்போது வளையும்படிதான் இருக்கும், ஒரு நிமிடத்தில் விறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு கிழிவது எல்லா வீட்டிலும் உண்டு, அதற்காக மாவை மாற்ற வேண்டாம். அரிசி மாவு அடியில் தங்கும், ஆகவே நாலைந்து முறுக்குக்கு ஒரு தடவை கலக்குங்கள். பாதியில் திடீரென்று ஒட்டத் தொடங்கினால் இதுதான் காரணம். உள்ளே வேகும் முன்பே கறுத்தால் சர்க்கரை கூடிவிட்டது, இரண்டு கைப்பிடி அரிசி மாவும் கொஞ்சம் பாலும் சேர்த்துக்கொள்ளலாம். அச்சின் அளவைப் பொறுத்து 60, 70 முறுக்கு வரும்.

அடுக்குவதும் கொடுப்பதும்

முழுக்க ஆறாமல் டின்னை மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் நமுத்துப்போகும். இரண்டு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். தட்டில் கொத்து அடியில், கல்கல் சுற்றிலும், அச்சு முறுக்கு மேலே. தூரமாகப் போகிறதென்றால் மணப்பாட்டுப் பக்கம் பின்னுகிற மாதிரிப் பனையோலைப் பெட்டி பிளாஸ்டிக் டப்பாவைவிட அழகு. உள்ளே ஒரு பட்டர் பேப்பரும் விரித்தால் எண்ணெய் இறங்காது.

உடைந்ததும் கருகியதும் உங்கள் வீட்டுக்கு. வேலை செய்கிற அக்காவுக்கு உடைசலை ஒரு கவரில் கட்டிக் கொடுக்கும் பழக்கம் பல நல்ல வீடுகளிலும் இருக்கிறது. டாக்டர் வீட்டுக்குப் போகிற அதே தட்டு, அதே எண்ணிக்கை அவருக்கும் போக வேண்டும். பண்டிகைப் பணமும் துணியும் வேறு கணக்கு. பலகாரம் அதற்கு ஈடாகாது.

25-ஆம் தேதி விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும், சமையலில் இறங்குவதற்கு முன்னால் பக்கத்து வீடுகளை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் விருந்தாளி வந்தால் தட்டு மறுநாளுக்குத் தள்ளிப்போகும். இரவுப் பணி பார்க்கும் வாட்ச்மேன், விடுதிப் பிள்ளைகள் ஆகியோருக்கு 24 மாலையே கொடுப்பது நல்லது. முட்டை இல்லாத தட்டைக் கொடுக்கும்போது "இதுல முட்டை இல்லக்கா, தனி எண்ணெய்ல சுட்டது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்கத் தயங்கித்தான் பலர் வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் விடுகிறார்கள்.

தட்டோடு நற்செய்திக் கைப்பிரதி வைக்கலாமா என்பது சபைகளில் அடிக்கடி எழும் கேள்வி. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வருஷம் முழுக்கப் பழகுகிறவரிடம் சொல்ல ஒன்று இருந்தால் நேரில் பேசலாம். பலகாரத்துக்கு அடியில் செருகினால், தட்டே அதற்காகத்தான் வந்தது என்று தோன்றிவிடும். வாழ்த்து அட்டை போதும்.

பேச்சு அறுந்த வீடு ஒன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. அந்தத் தட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பெரியவர்கள்தான் போக வேண்டும், முடிந்தால் 25-க்கு முன்னாலேயே. போன இடத்தில் பழைய கதையைத் தொடவே வேண்டாம். "நல்லா இருக்கீங்களா சித்தி, பண்டிகைக்குச் செஞ்சோம்" என்று நின்றபடியே கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள். பெயர் அடுத்த வருஷப் பட்டியலிலும் இருக்கட்டும்.

தட்டு திரும்பி வரும்போது

நம் ஊரில் தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு பழமோ இருக்கும், பொங்கலுக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் வரும், தீபாவளிக்கு அதிரசம் வரும். இங்கேதான் பல கிறிஸ்தவ வீடுகள் தடுமாறுகின்றன: படைத்ததை வாங்கலாமா? பவுல் இதை 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை நிதானமாகப் பேசுகிறார். சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு முடிவு வேறுபடுகிறது. எந்த முடிவானாலும் கணவன், மனைவி, பிள்ளைகள், கூட இருக்கும் தாத்தா பாட்டி எல்லாரும் முன்னாலேயே பேசி ஒரே முடிவாக வையுங்கள். வாங்குவதில்லை என்றால், தட்டு வந்து நிற்கும் வாசலில் சொல்லாமல், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் பழகிய குரலில் சொல்லிவிடுங்கள்: "படைக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் எடுத்து வச்சா சந்தோஷமா வாங்கிக்குவோம்க்கா." பெரும்பாலானவர்கள் அதைத் தப்பாக எடுப்பதில்லை, பல தெருக்களில் கிறிஸ்தவ வீட்டுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்துவைக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சிரித்து வாங்கிவிட்டுக் குப்பையில் போடுவதோ, வேலைக்கார அக்காவிடம் தள்ளிவிடுவதோ மட்டும் கூடாது. என்றாவது அது தெரிந்துபோகும், அதன் பிறகு உங்கள் தட்டுக்கும் அந்த வீட்டில் மரியாதை இருக்காது.

புது வருஷ ஆராதனை முடிந்த வாரத்தில், பட்டியலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எது மிஞ்சியது, எது போதவில்லை, எந்த வீட்டுக் குறிப்பு மாறியிருக்கிறது. அச்சைத் துடைத்து, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, அந்தப் பட்டியலையும் மடித்து அதே டப்பாவில் போட்டுவிடுங்கள்.